அழிக்க வேண்டாம்

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்
மீன் தலைக்குத் தகராறு செய்யும் நேரத்தில்
இரண்டாம் மாடிக் கதவை நான் திறப்பேன்.
முதல் வேலை உறைபெட்டியின் எண்ணைப் பார்ப்பது.
மைனஸ் எண்பது என்றால் கோட்டைக் கழற்றலாம்.
எழுபத்தொன்று என்றால்
பேராசிரியர் மிரேயாவை எழுப்ப வேண்டும்,
அவள் கெட்ட வார்த்தைகளைக் கேட்க வேண்டும்.

பதினொரு ஆண்டுகளாக இங்கே சிப்பி அரைக்கிறேன்.
கடல் சிவக்கும் மாதங்களில்
மீனவர் சங்கத்திலிருந்து தொலைபேசி வரும்:
எந்த வளைகுடாவில் எவ்வளவு நஞ்சு?
ஓர் எண் சொல்வோம்.
அந்த எண்ணுக்குத்தான் இத்தனை பாடு.
மற்ற நேரங்களில் நாங்கள்
கெண்டியில் யார் தண்ணீர் நிரப்புவது என்று
முகம் தூக்கிக்கொள்ளும் ஏழு பேர்.

வெள்ளைப் பலகையின் வலது மூலையில்
பச்சை மையில் ஒரு வரி:
ஒரு பெருக்கல், ஓர் அம்பு, பிறகு ஐந்து இலக்கம்.
சுற்றிலும் கட்டம்.
கட்டத்தின் தலையில் 'அழிக்க வேண்டாம்'.
நான் சேர்ந்தபோதே இருந்தது.
அது அன்செல்மோவின் கையெழுத்து என்பாள் மிரேயா.
நார்வேயிலிருந்து அன்செல்மோ எழுதினான்,
தன் கையெழுத்து என்றைக்கும் இவ்வளவு திருத்தமாக இருந்ததில்லை என்று.

அதை ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில்
எழுதினோம், அழித்தோம்.
யெர்கோவின் கட்டுரை மூன்றாம் முறை திரும்பிய நாளில்
'இரண்டாம் நடுவருக்கு மூலம் வரட்டும்'.
ஏழு மாதம் கழித்து அதே இடத்தில்
'இரண்டாம் நடுவர் நீடூழி வாழ்க'.
பக்கத்து ஆய்வகத்துக்குத் தர வேண்டிய
பிப்பெட் முனைகளின் கடன் கணக்கு.
பால்தோமேரோவின் மகள் பிறந்த எடை,
மூன்று தசமம் வரை, பிழை வரம்போடு.

ரயேனின் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு
அவள் பேசிப் பேசிப் பார்த்தாள்.
நான் கடிகாரம் பிடித்தேன்.
ஒரு வரைபடம் போட்டாள், கோணலாக வந்தது,
சட்டைக் கையால் ஒரே இழுப்பு.
கட்டமும் போயிற்று.

அவள் அந்தக் கையைப் பார்த்த பார்வையை
எந்த நடுவர் முன்னும் அவள் பார்த்ததில்லை.
சுழற்பொறி சுற்றிக்கொண்டிருந்தது.
உறைபெட்டி மைனஸ் எண்பது.
கூரை இருந்த இடத்தில் இருந்தது.
பொறுத்துப் பார்த்தோம்,
ஏதாவது நின்றுபோகும் என்று.

மறுநாள் அரங்கின் முதல் வரிசையில்
அவள் அம்மா, ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்தவள்,
ஈரக் குடையை மடியில் வைத்தபடி.
கேள்விகள் முடிந்ததும் அவள் கை தூக்கினாள்:
'இப்போது தின்னலாமா, கூடாதா?'
தேர்வாளர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள்.
'ஏப்ரலில் வேண்டாம், அம்மா' என்றாள் ரயேன்.
நான்கு ஆண்டுகளின் சுருக்கம் அதுதான்.
ஆய்வேட்டில் அது நூற்றிருபது பக்கம்.

கேக் வெட்டும்போது யெர்கோவுக்கு ஒரு யோசனை.
அன்செல்மோவின் பிரிவு விருந்துப் படத்தைத் தேடி எடுத்தான்.
எல்லோர் முகத்தையும் தாண்டி, பின்னால், பலகை.
பெரிதாக்கினோம்.
பெருக்கல் தெரிந்தது, அம்பு தெரிந்தது,
நான்கு இலக்கம் தெரிந்தது.
ஐந்தாவதை
அன்செல்மோவின் இடது காது மறைத்திருந்தது.

மிரேயா பச்சைப் பேனா கேட்டாள்.
நான்கு இலக்கமும் எழுதினாள்,
ஐந்தாவது இடத்தில் ஒரு காது வரைந்தாள்,
மடல், மடிப்பு எல்லாம் பார்த்துப் பார்த்து.
கட்டம் போட்டாள்.

ரயேன் இப்போது தெற்கே தீவில் இருக்கிறாள்.
அவள் கோட்டு இங்கேயே தொங்குகிறது,
கைப்பக்கம் பச்சைத் தீற்றலோடு.
மூன்று முறை துவைத்துவிட்டேன்.

நேற்றுச் சேர்ந்த பெண்
பலகையில் காது எதற்கு என்று கேட்டாள்.
கெண்டியில் தண்ணீர் இல்லை என்றேன்.